7–5, நிலுவையில்

செவ்வாய் இரவு பத்தேகாலுக்கு
பற்றீசியா ஸ்கோரைப் பதிந்துவிட்டாள்.
ஏழுக்கு ஐந்து. வென்றவர்: சுகிர்தா.
கீழே பச்சையில் ஒன்று, சிவப்பில் ஒன்று:
உறுதிசெய். மறு.
ஏழு நாளுக்குள் நான் எதையும் தொடாவிட்டால்
தானாக உறுதியாகிவிடுமாம்.

குகதாசன்தான் இதை எங்கள் தலையில் கட்டினவன்.
வங்கிக்காரன். கணக்கில் வராத எதுவும்
நடந்ததென்று நம்பாதவன்.
சுண்டிக்குளிச் சீமெந்துத் தரையில்
பின்னேரம் ரெனிஸ் அடிக்க வருகிற எட்டுப் பேருக்கும்
ஆளுக்கொரு எண், ஆளுக்கொரு கோடு.
என் கோடு போன வருசம் தையில் தொடங்குகிறது,
இரண்டு தசம் நான்கில்.
மாசியில் சரிவு. அது கணுக்கால்.
சித்திரையில் தட்டை. அது வெயில்.
வைகாசியில் முளைத்த சின்னப் பல்,
நிமலரூபன் காய்ச்சலோடு வந்து என்னிடம் தோற்றது.
காய்ச்சலை நிரப்ப அங்கே பெட்டி இல்லை.
பண்ணைப் பக்கமிருந்து வருகிற காற்றுக்கும் இல்லை,
மதில் தாண்டிப் பக்கத்து வளவுக் கிணற்றில் விழுந்த
மூன்று பந்துகளுக்கும்.

பற்றீசியாவின் பெயரைத் தொட்டால்
பூச்சியம்–பதினொன்று என்று வரும்,
முகம் பாராமல்.
எனக்கு அந்தக் குரல் பழக்கம்.
ஆசுப்பத்திரி ஆய்வுகூடத்தில் பதினாறு வருசமாய்
ஊராரின் இரத்தத்தை எண்ணுகிறவள் நான்.
ஒன்பதைப் பத்தென்று
ஒருவருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை.
"பிள்ளைக்குக் கலியாணப் பேச்சு நடக்குது,
கொஞ்சம் பாத்து எழுதுங்கோ" என்று
மேசையைப் பிடித்தபடி நின்ற தாய்க்கும்.

அன்றைக்கு மழை விட்டு ஒரு மணி நேரம்.
தும்புத்தடியால் தண்ணி தள்ளிவிட்டுத்தான் தொடங்கினோம்.
ஐந்துக்கு ஐந்து.
அவளின் சேர்விஸ், நாற்பது–முப்பது.
குறுக்காக ஒன்று அடித்தாள்.
நான் ஓடவில்லை. ஓடினாலும் எட்டாது.
பந்து என் பின்கோட்டில் விழுந்து
ஈரமாய் ஒரு முத்திரை குத்தியது,
பாதி வெள்ளையில், பாதி வெளியில்.
"அவுட்" என்றேன்.
வலைக்கு அந்தப் பக்கம் அவள் ரக்கெற்றைத் தாழ்த்தினாள்.
"வடிவாப் பாத்தனீரோ?"
"ஓம்."
"சரி."
அதற்குள் என் வலது சப்பாத்து
முத்திரையைத் தேய்த்துவிட்டிருந்தது.
சப்பாத்துக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு வென்றேன். நன்றாகவே விளையாடி வென்றேன்,
அதுதான் பெரிய கரைச்சல்.
இந்த வருசத்திலேயே நல்ல பின்கை அடிகள் இரண்டு
அதுக்குப் பிறகுதான் விழுந்தன.

புதன்.
உறுதிசெய்தால் 3.02 என்று முன்கூட்டியே காட்டுகிறது.
என் கோட்டின் நுனியில் மங்கலாய்ப் புள்ளிகள்,
அறுந்த பல்லிக்கு வளரப்போகிற வால்.
இருபத்திரண்டு மாதம், இந்த மூன்றுக்கு.
வியாழன்,
குகதாசன் குழுவில் கைதட்டுகிற படம் போட்டான்.
வெள்ளி,
நுணுக்குக்காட்டியில் வெண்கலங்களை எண்ணிக்கொண்டு போய்
ஐம்பத்தெட்டில் பிசகி, திரும்ப ஒன்று, இரண்டு.
சனி இரவு 'மறு'வைத் தொட்டேன்.
காரணம் கேட்டது. நான்கு தெரிவு:
ஸ்கோர் பிழை. திகதி பிழை.
ஆள் பிழை. ஆட்டம் நடக்கவில்லை.
ஸ்கோர் சரி. திகதி சரி.
ஆள் பிழை என்பதன் மேல்
விரல் கொஞ்ச நேரம் நின்றது.
மூடிவிட்டேன்.

ஞாயிறு, பூசை முடிந்திருக்கும் நேரம் பார்த்து
அவளுக்கு எழுதினேன்:
"நாளைக்கு அஞ்சரைக்கு வாறீரோ?
அண்டையான் ஆட்டத்தை
ஆறுக்கு அஞ்சில இருந்து விளையாடுவம்.
ஆறு உமக்கு."

பார்த்துவிட்டாள்.
எழுதுகிறாள். நிற்கிறது. எழுதுகிறாள்.
அரிசி களைந்தேன். உலை வைத்தேன்.
களைந்த அரிசியைத் திரும்பவும் களைந்தேன்.

"ஓம். அப்ப சேர்விஸ் உம்மட.
புதுப் பந்தாக் கொண்டுவாரும்."